பயம் தெளிந்த மீன்கள்

பள்ளிக்கூடம் திறந்த முதல் திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு ஆற்றிலிருந்து ஒரு கெண்டை மீன் வெளியே வந்தது. பாலத்துக் கைப்பிடிக் கம்பிக்கு மேலாகக் காற்றில் நீந்தி, தபால் நிலையத்துக்கு எதிரே இடப்பக்கம் திரும்பி, தையற்காரர் வீட்டுக் குளியலறை ஜன்னலுக்கு வெளியே போய் நின்றது. காலுறையும் தண்ணீர்ப் புட்டியும் தேடுகிற அவசரத்தில் ஊரில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்த ஒரே ஆள் செய்தித்தாள் போடுகிறவர். அவரும் சைக்கிளை நிறுத்தாமல், "என்ன, காலங்காத்தாலயே கிளம்பியாச்சா?" என்று மீனை விசாரித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். வியாழக்கிழமைக்குள் நாற்பது மீன்கள் வெளியே வந்திருந்தன. அடுத்த திங்கட்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு. ஆள் நடக்கிற வேகத்தில்தான் நீந்தின, காயப்போட்ட துணிகளில் இடிக்கவில்லை, யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ஒரே குறை, தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கவில்லை.

மீன் தண்ணீரைவிட்டு வராததற்குச் செவுள்தான் காரணம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இந்த ஊரில் நடந்ததை வைத்துப் பார்த்தால், காற்றைக் கண்டு அதற்கிருந்த பயம்தான் அதை உள்ளே வைத்திருந்தது என்று தெரிகிறது. பயம் தெளிந்ததும் வந்துவிட்டது; செவுளுக்கு ஒரு சிரமமும் இல்லை. பயம் ஏன் தெளிந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வானிலை என்றார்கள், செல்போன் கோபுரம் என்றார்கள், ஆற்றங்கரையில் புதிதாகப் போட்ட விளக்குகள் என்றார்கள். உண்மையான காரணம் அவரவர் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேசுவது இந்த ஊரில் நாகரிகம் கிடையாது.

இந்த ஊரில் யாருக்கும் நோய் வராது. வந்தாலும் வந்ததாகச் சொல்லமாட்டார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லவேண்டும். நடுவில் இருமல் வந்துவிட்டால் பேச்சை மாற்றவேண்டும். மருந்துக்கடைக்காரர் ஊரின் மனதைப் படித்தவர். எந்த மாத்திரையானாலும் பிஸ்கட் உறைக்குள் போட்டு ஒட்டித்தான் கொடுப்பார். வாங்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் 'பிஸ்கட்' வாங்கிக்கொண்டு போவார்கள். வெளியூரிலிருந்து வந்த பிஸ்கட் விற்பனையாளர் ஒருவர், இவ்வளவு பிஸ்கட் தின்கிற ஊரில் தன் சரக்கு மட்டும் ஏன் போகவில்லை என்று புரியாமல் மூன்று மாதம் அலைந்துவிட்டு வேலையையே விட்டுவிட்டார். மிஞ்சிய மாத்திரைகளைக் குப்பையிலும் போடமுடியாது. குப்பை வண்டியோடு வருகிற அம்மாவுக்குக் கழுகுக் கண். அதனால் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். யாராவது இறந்துபோனால், உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் வீட்டார் செய்கிற முதல் வேலை, அவருடைய மாத்திரைகளையெல்லாம் கழிவறையில் கொட்டுவதுதான். அப்போதுதான் மனிதர் ஆரோக்கியமாகச் செத்தார் என்று பேர் வரும்.

கொட்டியதும், விழுங்கி உடம்பு வழியாக வெளியேறியதும் ஒன்றாகச் சேர்ந்து ஊருக்குக் கிழக்கே இருந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த நிலையத்தின் பொறுப்பாளரை எல்லோரும் டம்ளர்காரர் என்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு அதிகாரிகள் வரும்போது, ஆற்றில் விடுகிற தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அவர்கள் கண் முன்னால் மடக்கென்று குடித்துக் காட்டுவது அவர் வழக்கம். வாடை இல்லை, நிறம் இல்லை, கிருமி இல்லை என்று ஒவ்வோர் ஆண்டும் சான்றிதழ் கிடைத்தது. தொட்டிகளில் இருந்த நுண்ணுயிர்களை அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டார். குளிர் அதிகமானால் அவற்றுக்கு என்ன ஆகுமோ என்று சோறு இறங்காது. அவையும் மலம், சோப்பு, எண்ணெய் என்று கொடுத்ததையெல்லாம் முகம் சுளிக்காமல் தின்றன. மாத்திரையைத் தின்ன மட்டும் அவற்றுக்குத் தெரியாது. அது வந்த வழியே ஆற்றுக்குப் போனது. டம்ளர் குடித்த அன்றும் மறுநாளும் அவர் வழக்கத்தைவிட உற்சாகமாக இருப்பார். அதை எல்லோரும் கடமை முடிந்த திருப்தி என்று நினைத்திருந்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால் ஊர் முன்பே விழித்துக்கொண்டிருக்கவேண்டும். மூன்று ஆண்டுகளாகவே ஆற்று வளைவில் ஆண் மீன்கள் முட்டையிட்டு வந்தன. பெண் மீன்கள் ஒதுங்கி நின்று, பார்க்கட்டும் இவர்களும் ஒருமுறை என்று வேடிக்கை பார்த்தன. தவளைகள் மழை கொட்டும்போதும் தூங்கின. நீர்நாய்களுக்குத் தலையில் மட்டும் கறுகறுவென்று முடி வளர்ந்து, இடப்பக்கம் வகிடெடுத்துப் படிந்திருந்தது. நகராட்சித் தலைவரின் வழுக்கையில் முடி வளர்ந்ததும், அவர் இடப்பக்கம் வகிடெடுக்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டையும் பார்த்தவர்கள் பலர். இரண்டையும் சேர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

மீன்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் டம்ளர்காரர் யோசிக்க ஆரம்பித்தார். அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த பாதாளச் சாக்கடை வரைபடத்தை இறக்கி மேசையில் விரித்து, எந்த மீன் எந்த வீட்டு ஜன்னலில் நிற்கிறது என்று சிவப்புப் பென்சிலால் குறித்தார். ஒவ்வொரு மீனும் தினமும் அதே வீட்டுக்குத்தான் போனது. தையற்காரர் வீட்டில் சென்ற ஆண்டு அவருடைய அப்பா ஆரோக்கியமாகச் செத்திருந்தார். அந்த வீட்டு ஜன்னலில் ஒன்பது மீன்கள் நின்றன. ஆற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துத் தொலைவில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பதிலாக நாற்பத்தொரு மருந்துகளின் பட்டியல் வந்தது. முதல் பக்கத்தில் பதற்றத்துக்கும் பயத்துக்கும் கொடுக்கிற மாத்திரைகள் இருந்தன. பட்டியலைப் படித்து முடித்தபோது அவருக்கு ஊரில் ஒவ்வொருவரையும் புதிதாகப் பார்த்தது போலிருந்தது. இப்படிக் கலந்து ஓடுகிற தண்ணீரில் தன் மாத்திரை எந்த வீட்டுடையது என்று மீன் எப்படிக் கண்டுபிடித்தது என்பதை மீனைத்தான் கேட்கவேண்டும்.

அவர் வீட்டு ஜன்னலிலும் ஒரு மீன் நின்றது. உள்ளங்கை நீளம், வாலில் ஒரு சிறு கிழிசல். தான் குடிக்கிற இருமல் மருந்துக்காகத்தான் அது வருகிறது என்று நினைத்து அவர் இருமல் மருந்தை நிறுத்தினார். இரண்டு வாரம் வீடு அதிர இருமினார். மீன் அதே நேரத்துக்கு வந்து அதே இடத்தில் நின்றது. மூன்றாவது வாரம் சனிக்கிழமை மாலை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த மீன் எனக்காக வரல, இல்ல?"

மனைவி கத்தியைக் கீழே வைத்தார். "இல்லைங்க. எனக்காக."

அவர் மனைவி நான்காம் எண் பேருந்தின் ஓட்டுநர். ரயில் நிலையத்திலிருந்து பாலத்தைக் கடந்து சந்தை வரை, ஒரு நாளைக்குப் பதினான்கு நடை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மழை நாளில் பேருந்து பாலத்தில் வழுக்கி, கைப்பிடிக் கம்பியை உடைத்து, முன் சக்கரம் ஒன்று ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்க நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பயணிகள் எல்லோரும் அன்றே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் இறங்கவே இல்லை. ஒவ்வொரு நடையும் பாலத்தில் ஏறும்போது கைகள் ஜில்லிட்டன. கடைசியில் ரயிலேறி இரண்டு ஊர் தள்ளி ஒரு மருத்துவரைப் பார்த்தார். தினமும் காலையில் பாதி மாத்திரை. ஒரு மாதம் கவனித்துப் பார்த்துவிட்டு, இவர் தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று மருத்துவரே கடிதமும் கொடுத்தார். கைகள் சரியாயின, பேருந்து ஒரு நாளும் தடுமாறவில்லை. ஆனால் ஓட்டுநர் பயத்துக்கு மாத்திரை போடுகிறார் என்று தெரிந்தால் இந்த ஊரில் யார் அந்தப் பேருந்தில் ஏறுவார்கள்? இருபது ஆண்டுகளாக உட்கார்ந்த இருக்கை அது. அதை இழப்பதைவிடக் கணவரிடமே மறைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. நான்கு ஆண்டுகள் பக்கத்திலேயே படுத்திருந்தும் தெரியவில்லையே என்று டம்ளர்காரர் வெட்கப்பட்டார். பிறகு மீதி பீன்ஸை அவரே நறுக்கினார்.

தெருவில் நீந்துகிற மீன்கள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் பயமில்லாத மீனைப் பிடிக்கக் கொக்கு சிரமப்படவேண்டியதில்லை. வாயைத் திறந்தால் போதும், மீனே உள்ளே எட்டிப் பார்த்தது. பூனைகள் பருத்துப்போய் மதில் ஏறுவதையே விட்டுவிட்டன. ஆறாவது வாரம் டம்ளர்காரர் எண்ணியபோது வெளியே வந்த மீன்கள் நூற்றுப்பத்து. இப்படியே போனால் அடுத்த முட்டைப் பருவத்துக்கு ஆற்றில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும். தீர்வும் அவரிடம் இருந்தது. மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டுவதை நிறுத்தவேண்டும். உடம்பு வழியாக வருவதைப் பிடிக்க, தண்ணீரைக் கரித்தூளில் வடிகட்டுகிற புதுத் தொட்டி ஒன்று கட்டவேண்டும். நகராட்சிக் கூட்டத்தில் அதை எழுந்து நின்று சொன்னார். தலைவர் வகிட்டைத் தடவிக்கொண்டே, "தண்ணி சுத்தமா இருக்குன்னு வருஷா வருஷம் நீங்கதானே குடிச்சுக் காட்டுறீங்க?" என்று கேட்டார். "சரி, இந்த ஊர்ல மாத்திரை போடுறவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. இப்பவே கட்டிடலாம்" என்றார் தலைவர். மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். அன்று அந்த ஊரில் நோயாளி ஒருவர்கூட இல்லை. ஜன்னல்களுக்கு வெளியே மீன்கள் தங்கள் வீட்டாரைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தன. ஓட்டுநரம்மாவின் கை மடியிலிருந்து ஒரு சாண் எழுந்து, திரும்ப மடிக்கே போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் அதைப் பார்த்தார்.

மறுநாள் காலை பாலத்தின் நடுவில், அந்த மீன்களையே தின்று வளர்ந்த ஒரு கொக்கு நின்றது. ஓட்டுநரம்மா ஒலிப்பானை அடித்தார், நகரவில்லை. விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தது. பேருந்துதான் நின்றது, கொக்கின் அலகுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அதன் கண்ணை அவர் அவ்வளவு அருகில் பார்த்தார். கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லாத கண். அந்த அமைதி அவருக்கு நன்றாகத் தெரிந்த அமைதி. தினமும் காலையில் பாதி மாத்திரைக்குப் பிறகு கண்ணாடியில் பார்ப்பது. அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார்: "எனக்கு அந்தப் பயம் வேண்டாத பாரம்ங்க, இறக்கி வெச்சுட்டேன். அந்தக் கொக்குக்கு அப்படி இல்ல. அந்தப் பயத்தை வெச்சுத்தான் அது உசிரோட இருக்கு. அதைப் போய் நான் எடுத்துட்டேன்." டம்ளர்காரர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை ஏழே முக்காலுக்கு ரயில் நிலையத்தில் பேருந்து நிறைந்திருந்தது. முப்பத்து நான்கு பேர். ஓட்டுநரம்மா இருக்கையிலிருந்து எழுந்து திரும்பி நின்று, பையிலிருந்து பிஸ்கட் உறையை எடுத்துப் பிரித்தார். "ஒரு நிமிஷம், எல்லாரும் பாருங்க. இது பிஸ்கட் இல்ல. பயத்துக்குப் போடுற மாத்திரை. நாலு வருஷமா தினமும் பாதி போட்டுக்கறேன். வண்டி ஓட்டலாம்னு டாக்டர் குடுத்த லெட்டர் இதோ இருக்கு, யார் வேணா படிக்கலாம். மீனுக்குப் பயம் போனது என்னாலயும்தான். என் வண்டியில வர வேணாம்னு நினைக்கிறவங்க இறங்கிக்கலாம், நான் தப்பா நினைக்க மாட்டேன். அடுத்த பஸ் முக்கால் மணி நேரத்துல வரும்." பாதி மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, உட்கார்ந்தார். கண்ணாடியில் பின்னால் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்கள் அந்த ஆண்டு முழுவதும் வேலைக்கு நடந்தே போனார்கள். அதனால் அவர்கள் மூட்டுவலி குறைந்தது என்பதையும் இங்கே எழுதிவைக்கவேண்டும். மீதிப் பேர் காலணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பூட்டுக்கடைக்காரர் தன் சட்டைப்பையைத் தட்டி, யாரையும் பார்க்காமல், "நமக்கு சர்க்கரை. பதினோரு வருஷம்" என்றார். கணக்கு டீச்சர் தனக்குத் தூக்கம் வராது என்றார். நடத்துநர் தனக்கு ரத்த அழுத்தம் என்றும், சில்லறை கேட்கிறவர்களால்தான் வந்தது என்றும் சொன்னார். கடைசி இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அக்கா, வண்டியை எடுங்க. எனக்கு மூலம். ரொம்ப நேரம் உட்கார முடியாது." பேருந்து மொத்தமும் சிரித்தது. ஓட்டுநரம்மாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். யார் எவ்வளவு மில்லிகிராம் என்று ஒப்பிட்டுப் பேசிக்கொண்டே வந்ததில் பதினாறு பேர் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் தலைகீழாகிவிட்டது. நோயைச் சொல்ல வெட்கப்பட்டவர்கள், சொல்ல நோயில்லையே என்று வெட்கப்பட்டார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு தகரப்பெட்டி வைக்கப்பட்டது. மிஞ்சிய மாத்திரைகளை ஏறும்போது அதில் போட்டார்கள், வாரம் ஒருமுறை மருந்துக்கடைக்காரர் எடுத்துப்போய், அவற்றை எரிக்கிற ஆலைக்கு அனுப்பினார். குப்பை வண்டி அம்மா, தனக்கு எல்லாம் எப்போதோ தெரியும் என்றார். தலைவர் ஒரு மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு ஒரு கூட்டத்தில், எதிரே ஜன்னலில் வந்து உட்கார்ந்த நீர்நாய்க்கும் தனக்கும் ஒரே வகிடு என்பதைச் சபை மொத்தமும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு, தலைகுனிந்து கரித்தொட்டிக்குக் கையெழுத்துப் போட்டார். கோடைக்குள் தொட்டி தயாரானது. டம்ளர்காரர் பழைய நுண்ணுயிர்களிடம், அவற்றின்மேல் தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று தனியாகச் சொன்னார். ஓட்டுநரம்மா தினமும் பாதி மாத்திரையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டார். இப்போது அது கரியோடு நின்றுவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. காற்றில் இருக்கும்போது பயம் திரும்பி வந்தால் மீன் விழுந்துவிடும். முதலில் தெளிவு கலைந்தது தையற்காரர் வீட்டு மீன்களில் ஒன்றுக்கு. மாடி உயரத்தில் நீந்திக்கொண்டிருந்தது, சட்டென்று தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்கு உறைத்தது, நேராக வந்து தைத்து முடித்த கால்சட்டைமேல் விழுந்தது. தையற்காரர் அதைத் துணி நனைக்கிற வாளியில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். அன்று மாலையே டம்ளர்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: அவரவர் மீனுக்கு அவரவர்தான் பொறுப்பு. மூன்று வாரம் ஊர் மொத்தமும் அண்ணாந்து பார்த்தபடி, வாளியோடு தன் மீனுக்குக் கீழே நடந்தது. யார் எந்த மீனுக்குக் கீழே நடக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. கழுத்து வலி வந்தது. அதையும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார்கள். பூட்டுக்கடைக்காரர் எட்டு மீன்களைப் பிடித்து, அதில் ஏழு மற்றவர்களுடையது என்று பெருமையடித்துக்கொண்டார்.

ஓட்டுநரம்மாவின் மீனுக்குத்தான் கடைசியில் தெளிவு கலைந்தது. வாலில் கிழிசல் உள்ள அந்த மீன் இப்போதெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பி, பேருந்துக்கு முன்னால் பத்தடி தள்ளி நீந்திப் போகும். ஒரு புதன்கிழமை காலை எட்டு இருபதுக்கு, பாலத்தின் நடுவில், அது திரும்பிப் பேருந்தைப் பார்த்தது. அதன் துடுப்புகள் அப்படியே நின்றன. கண் விரிந்தது. அந்தக் கண்ணில் இருந்ததை ஓட்டுநரம்மா ஒரே நொடியில் அடையாளம் கண்டு, வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து ஓடினார். நடத்துநர் வாளியோடு வருவதற்குள் மீன் விழத் தொடங்கியிருந்தது. ஓட்டுநரம்மா இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்தார். கையில் அது துள்ளியது, திமிறியது, அவர் கட்டைவிரலைக் கடிக்கப் பார்த்தது. சக்கரம் அந்தரத்தில் சுற்றிய அதே இடத்தில், கைப்பிடிக் கம்பிக்கு மேலாகக் குனிந்து, நான்கு ஆண்டுகளில் முதல்முறையாகக் கீழே பார்த்தார். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கைகளை விரித்தார். மீன் தண்ணீரைத் தொட்டதும் ஒரு கல்லுக்கடியில் பாய்ந்து மறைந்துகொண்டது.

"பயந்து ஓடிருச்சுக்கா" என்றார் நடத்துநர்.

"ஆமா" என்றார் ஓட்டுநரம்மா. அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "நல்லாவே பயந்துச்சு."

பயணிகள் ஜன்னல் வழியாகக் கைதட்டினார்கள். ஓட்டுநரம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். சந்தையை அடைந்தபோது நான்கு நிமிடம் தாமதம். மாலையில் நடைக்குறிப்பேட்டில் தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில், 'பாலத்தில் மீன் இறங்கவேண்டியிருந்தது' என்று எழுதினார். பணிமனை மேலாளர் அதைப் படித்தார், அங்கே நிறுத்தம் கிடையாதே என்றார், சரி போகட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.